ரப்பர் தேன் உறைகிறது, கொசுத்தேன் புளிக்கிறது: எது சரியான தேன்?

பொள்ளாச்சி வாசகி:
மூன்று பாட்டில் தேன், மூன்றும் மூன்று விதம். குமரி மாவட்டத்து ரப்பர் தேன் அடியில் ரவை மாதிரி உறைந்து கிடக்கிறது. மேலே நிற்பது நீர்த்திருக்கிறது, மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வருகிறது. கொசுத்தேன் தண்ணியாக, புளிப்பாக இருக்கிறது. மலைத்தேன் கறுத்து, தொண்டையில் லேசாகக் கசக்கிறது. தண்ணீரில் விட்டுப் பார்க்கும் சோதனையில் மலைத்தேன் மட்டும் அடியில் தங்கியது, கொசுத்தேன் கலங்கிக் கரைந்துவிட்டது. அப்படியென்றால் கொசுத்தேன் போலியா? ரப்பர் தேனில் சர்க்கரைப்பாகு கலந்திருக்கிறார்களா? தெரிந்தவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

கொங்குக் கடை:
உறைந்தாலே சர்க்கரை கலந்ததுதான் அக்கா. நல்ல தேன் பல வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும்.

குமரி அடை:
இல்லை தம்பி. இந்த ஒரு நம்பிக்கையால்தான் நல்ல ரப்பர் தேனையும் கடுகுத் தேனையும் கடைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள்.

தேனில் பெரும்பங்கு இரண்டு சர்க்கரை. ஃப்ரக்டோஸ் சராசரியாக 38%, குளுக்கோஸ் 31%. மீதியில் மால்டோஸ் வகைகள் 7% அளவில், சுக்ரோஸ் 1% பக்கம், தண்ணீர் 17 முதல் 20% வரை. ஃப்ரக்டோஸ் தண்ணீரில் தாராளமாகக் கரையும், உறையாது. குளுக்கோஸ் அந்த அளவுக்குக் கரையாது. தேனில் அது கொள்ளளவுக்கு மேலேயே கரைந்து நிற்கிறது, அதனால் சமயம் வாய்த்தால் மணியாகப் பிரிந்துவிடும். எந்தச் செடியின் மதுரத்தில், அதாவது அது சுரக்கும் இனிப்பு நீரில், குளுக்கோஸ் கூடுதலோ அந்தத் தேன் சீக்கிரம் உறையும். கடுகு, சூரியகாந்தி, ரப்பர் மூன்றும் இந்த வகை. ஐரோப்பாவில் ரோபினியா மரத்துத் தேனில் ஃப்ரக்டோஸ் குளுக்கோஸைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல், அது வருடக்கணக்கில் பாகாகவே நிற்கும். இரண்டும் சுத்தத் தேன்தான்.

கைக்கணக்கு ஒன்று உண்டு. குளுக்கோஸ் சதவீதத்தைத் தண்ணீர் சதவீதத்தால் வகுங்கள். 1.7க்குக் கீழே வந்தால் மெதுவாக உறையும், 2.1க்கு மேலே போனால் விரைவாக உறையும். வெப்பமும் சேர்ந்துகொள்ளும். 14 டிகிரி செல்சியஸ் பக்கம்தான் மிக வேகம். அதனால்தான் ஊட்டி, கொடைக்கானல் குளிரில் உறைகிற அதே தேன் மதுரை வெயிலில் மாதக்கணக்கில் தெளிவாக நிற்கிறது. உறையாத தேன்தான் நல்ல தேன் என்றால், வடிகட்டிச் சூடேற்றி மணியின் விதையெல்லாம் கரைத்த தேனும், குளுக்கோஸ் குறைந்த பாகும்தான் முதல் பரிசு வாங்கும்.

பொள்ளாச்சி வாசகி:
அது புரிகிறது அண்ணே. ஆனால் பாதி உறைந்து பாதி நீர்த்துப் போவது ஏன்? புஸ்ஸென்ற சத்தம் எதனால்?

ஆய்வக மேசை:
அங்கேதான் விஷயம் இருக்கிறது, கணக்காகவே சொல்கிறேன். குளுக்கோஸ் தேனில் உறையும்போது தன்னோடு கொஞ்சம் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும், பத்துக்கு ஒன்று என்ற எடையில். ஆனால் அந்தக் குளுக்கோஸ் கரைசலில் இருந்தபோது கட்டிவைத்திருந்த தண்ணீர் இதைவிட அதிகம். உதாரணம்: 100 கிராம் தேன், அதில் தண்ணீர் 20 கிராம். 15 கிராம் குளுக்கோஸ் உறைகிறது, கூடவே 1.5 கிராம் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது. மீதிப் பாகு 83.5 கிராம், அதில் தண்ணீர் 18.5 கிராம். வகுத்தால் 22.2%. எடுக்கும்போது 20% இருந்த தேன், பாதி உறைந்ததும் மேல்பாகில் 22% ஆகிவிட்டது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

இந்த நீர்த்த மேல்பாகில்தான் ஈஸ்ட் வேலையைத் தொடங்கும். சர்க்கரை செறிவைத் தாங்கும் ஈஸ்ட் வகைகள் பூவிலும் அடையிலும் எப்போதும் உண்டு. தண்ணீர் 17%க்குக் கீழே இருந்தால் அவை அசையாது. 20% தாண்டினால் எந்தத் தேனும் புளிக்கும் ஆபத்தில்தான் இருக்கிறது. உங்கள் பாட்டிலில் வரும் காற்று கார்பன் டை ஆக்ஸைடு. நுரை, சாராய வாடை, புளிப்பு மூன்றும் இருந்தால் அது கெட்டுவிட்டது. லேசான காற்று மட்டும் என்றால் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

குமரி அடை:
ரப்பர் தேனுக்கு இது ஏன் அடிக்கடி நடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. மூன்று சிற்றிலைகள் காம்பில் சேரும் இடத்தில் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. இலை உதிர்ந்து தளிர் வந்ததும், ஜனவரி கடைசி தொடங்கி ஏப்ரல் வரை, அதிலிருந்து மதுரம் கசியும். வரத்து அவ்வளவு வேகமாக இருப்பதால் தேன் அறை நாளுக்கு நாள் நிறையும். வாரம் ஒரு தடவை எடுத்துவிடுகிறார்கள். ஈக்கள் விசிறித் தண்ணீரை வற்றவைக்கவும் மெழுகு மூடியிடவும் அவகாசமே இல்லை.

பக்குவத்தைப் பெட்டியிலேயே பார்க்கலாம். சட்டத்தைத் தூக்கிக் கிடையாகப் பிடித்து ஒரே ஒரு தடவை வெடுக்கென்று கீழ்நோக்கி உதறுங்கள். மூடாத அறைகளிலிருந்து துளி தெறித்தால் அந்த அடை பழுக்கவில்லை, திருப்பி வையுங்கள். அடையில் முக்கால் பங்காவது மூடியிருந்தால் எடுக்கலாம்.

இலையிலிருந்து வருவதால் ரப்பர் தேனில் ரப்பர் மகரந்தமும் அதிகம் இருக்காது. நுண்ணோக்கியில் மகரந்தம் எண்ணிப் பார்த்து 'இது ரப்பர் தேன் இல்லை' என்று முடிவு கட்டுவதும் அதனால் சரியில்லை.

நாட்டுமருந்து:
பெரியவர்கள் தேனைப் பூ வைத்துப் பிரிக்கவில்லை, கூடு இருக்கும் இடத்தை வைத்துப் பிரித்தார்கள். மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத் தேன், மனைத்தேன், புற்றுத் தேன் என்று சித்த மருத்துவத்தில் வகை. அதற்கும் உங்கள் ஆய்வகக் கணக்குக்கும் தொடர்பு உண்டா?

மலையோரம்:
நிறையவே உண்டு ஐயா. கூடு இருக்கும் இடம் என்பது உண்மையில் எந்த ஈ என்ற கேள்விதான். மலைத்தேன் கட்டுவது பெருந்தேனீ. பாறை முகட்டிலோ உயர்ந்த மரக்கிளையிலோ ஒரே பெரிய அடை, திறந்த வெளியில் தொங்கும். கொம்புத்தேன் கட்டுவது சிறுகொம்புத் தேனீ, புதரில் உள்ளங்கை அகல அடை, கிடைப்பதே கொஞ்சம். மரப்பொந்தில் பல அடுக்காகக் கட்டுவது நம் இந்தியத் தேனீ, அதைத்தான் பெட்டியில் வைத்து வளர்க்கிறோம். கொசுத்தேனீக்குக் கொட்டத் தெரியாது, சுவர் இடுக்கிலும் புற்றிலும்கூட இருக்கும்.

திறந்த அடை என்பதால் பெருந்தேன் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தை நேராகச் சந்திக்கிறது. அடையைப் பிழிந்து எடுத்தால் புழு, மகரந்தம், மெழுகு எல்லாம் கலந்து கலங்கும், சீக்கிரம் புளிக்கும். அடையின் மேல்புறத் தேன் பகுதியை மட்டும் தனியே வெட்டி, துணியில் கட்டித் தானாக வடியவிட்டால் அதே அடையிலிருந்து வேறு தேன் கிடைக்கும். 'மலைத்தேன் கலங்கலாகத்தான் இருக்கும்' என்று சொல்வது எடுத்த முறையை மறைக்கிற பேச்சு.

கசப்பு பூவின் குணம். நாவல் தேன் கறுத்து லேசாகக் கசக்கும், வேம்புத் தேனிலும் மெல்லிய கசப்பு வரும். கறுப்பு நிறத்துக்குக் காரணம் தாது உப்பும் ஃபீனால் சேர்மங்களும். வெளிர் தேனில் சாம்பல் 0.1%கூட இருக்காது, கறுத்த தேனில் பல மடங்கு போகும். ஆனால் காய்ச்சினாலும் வருடக்கணக்கில் வைத்தாலும் தேன் கறுக்கும். கறுப்பை மட்டும் பார்த்து 'மருந்துத் தேன்' என்று கூடுதல் விலை தராதீர்கள்.

கொங்குக் கடை:
அப்போ கொசுத்தேன் தண்ணியாக இருப்பதும் பழுக்காமல் எடுத்ததால்தானா?

மலையோரம்:
இல்லை, அதன் இயல்பே அப்படித்தான். அது தேனை ஆறுமூலை அறையில் வைப்பதில்லை. மெழுகும் மரப்பிசினும் குழைத்துச் செய்த குட்டிக் குட்டிக் குடங்களில் வைக்கிறது. ஒவ்வொரு குடமும் பயறு அளவுதான். மூடிய குடத்துத் தேனிலும் தண்ணீர் 25 முதல் 30% வரை, சில சமயம் அதற்கு மேலும். அமிலம் அதிகம், புளிப்பு அதன் அடையாளம். பிசின் வாசனையும் இறங்கியிருக்கும்.

சர்க்கரையே வேறு. 2020ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்திரேலிய, மலேசியக் கொசுத்தேன்களில் ட்ரெஹாலுலோஸ் என்ற சர்க்கரை பெரும்பங்காக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 100 கிராமில் 13 முதல் 44 கிராம் வரை. அதுவரை கருவியில் அதை மால்டோஸ் என்றே எண்ணியிருந்தார்கள். சுக்ரோஸுக்குள்ள அதே இரண்டு துண்டுகள்தான், இணைந்திருக்கும் முறை மட்டும் வேறு. மெதுவாகச் செரிக்கும். மலேசியா 2017லேயே கொசுத்தேனுக்கென்று தனித் தர அளவு போட்டு, தண்ணீர் 35% வரை அனுமதித்தது. எல்லாத் தேனையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமில்லை.

வீட்டில் வைக்கும் முறை: குடத்தைக் கசக்காமல் ஊசி இல்லாத சிரிஞ்சியால் உறிஞ்சி எடுங்கள், கொதிநீரில் சுத்தம் செய்து காயவைத்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே அலமாரியில் வைத்தால் புளிப்பு ஏறிக்கொண்டே போகும்.

ஆய்வக மேசை:
தர அளவு பேச்சு வந்ததால் எண்களை வைக்கிறேன். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி தண்ணீர் 20%க்கு மேல் கூடாது. சுக்ரோஸ் 5%, சூட்டிலும் நாள்பட்டும் தேனில் சேரும் எச்.எம்.எஃப். கிலோவுக்கு 80 மில்லிகிராம், ஃப்ரக்டோஸ் குளுக்கோஸ் விகிதம் 0.95 முதல் 1.50. சுக்ரோஸில் மகாராஷ்டிரக் கார்வித் தேனுக்கும் பனித்தேனுக்கும் மட்டும் 10% வரை சலுகை. கார்வி நம் குறிஞ்சியின் சொந்தக்காரச் செடி, ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும். அந்தத் தேன் அசையாமல் விட்டால் கூழாகக் கெட்டிப்படும், கலக்கினால் இளகும். எந்திரத்தில் சுற்றினால் எளிதில் வராது.

பனித்தேன் என்பது செடிச்சாற்றை உறிஞ்சும் பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீரைத் தேனீ சேர்ப்பது. தாது உப்பு அதிகம் என்பதால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பூந்தேனையும் பனித்தேனையும் பிரிக்கும் கோடு சென்டிமீட்டருக்கு 0.8 மில்லிசீமன்ஸ்.

குமரி அடை:
அந்த 20% எங்களுக்கு ஏன் கஷ்டம் என்பதையும் சொல்ல வேண்டும். தேன் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கும். காற்றின் ஈரப்பதம் 60% என்றால் தேன் 18% தண்ணீரில் நிலைநிற்கும். 65% என்றால் 21%. 70% என்றால் 24%. 75% என்றால் 28%. மேற்குக் கடற்கரைப் பக்கம் மழை தொடங்கியபின் காற்று 75க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அங்கே மூடியில்லாத அண்டாவில் இரவு முழுக்க வைத்த தேன், பெட்டியிலிருந்து வந்ததைவிட நீர்த்துதான் இருக்கும். சோம்பல் மட்டும் காரணமில்லை. எடுத்த உடன் மூடுங்கள், வடிகட்டும் அறையின் ஜன்னலை அடையுங்கள், மழை நாளில் எடுக்காதீர்கள்.

நாட்டுமருந்து:
நீர்த்த தேனை அடுப்பில் வைத்துச் சுண்டவைக்கிறார்களே, அது சரியா?

ஆய்வக மேசை:
நேரடித் தீயில் வைப்பது தேனைக் கொல்வது. தேனிலுள்ள டயஸ்டேஸ் என்ற நொதி 30 டிகிரியில் பாதியாகக் குறைய 200 நாள் ஆகும். 50 டிகிரியில் ஐந்தரை நாள். 60ல் ஒரு நாள். 70ல் ஐந்தேகால் மணி நேரம். 80ல் ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். இன்வர்டேஸ் என்ற இன்னொரு நொதி இன்னும் மென்மையானது, 70 டிகிரியில் முக்கால் மணியில் பாதி போய்விடும். மறுபக்கம் எச்.எம்.எஃப். ஏறும். அது சர்க்கரை அமிலத்தில் சிதைந்து வருவது. புதுத்தேனில் ஏறக்குறைய இல்லை, நம் ஊர் வெயிலில் கடை அலமாரியிலேயே மாதாமாதம் கூடும்.

ஈஸ்ட்டைக் கொல்ல 60 டிகிரியில் 22 நிமிடம் போதும். 63 டிகிரியில் ஏழரை நிமிடம். முறை: பெரிய அண்டாவில் வெந்நீர், அதனுள்ளே எவர்சில்வர் பாத்திரத்தில் தேன், நீர் மட்டமும் தேன் மட்டமும் ஒன்றாக. முதலில் 45 டிகிரிக்குக் கொண்டுவந்து வடிகட்டுங்கள், மெழுகுத் துகளும் இறந்த ஈயும் அப்போதே போய்விடும். பிறகு கிளறிக்கொண்டே 60க்கு ஏற்றி நேரம் பாருங்கள். முடிந்ததும் அண்டாவில் குளிர்ந்த நீர் மாற்றி உடனே ஆறவையுங்கள். பலரும் தவறுவது இந்தக் கடைசிப் படியில்தான். 50 கிலோ தேனை அப்படியே விட்டால் இரவெல்லாம் 50 டிகிரியிலேயே கிடக்கும், நிமிடக் கணக்கு வீணாகிவிடும்.

இது ஈஸ்ட்டுக்கான மருந்து, தண்ணீரைக் குறைக்காது. தண்ணீரைக் குறைக்க அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, மூடிய அறையில் ஈரம் உறிஞ்சும் எந்திரம் போட்டு 35 டிகிரிப் பக்கம் வைக்க வேண்டும். அறைக்காற்று 50%க்குக் கீழே இறங்காவிட்டால் பலனில்லை.

குமரி அடை:
தேனில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் பற்றிச் சொல்லுங்கள். பாதிப்பேர் தப்பாகப் படிக்கிறார்கள்.

ஆய்வக மேசை:
பெரிய தப்பு, சர்க்கரைச் செறிவைக் காட்டும் பிரிக்ஸ் எண்ணை 100லிருந்து கழித்து அதையே தண்ணீர் என்று எழுதுவது. பிரிக்ஸ் அளவு சுக்ரோஸுக்குப் போட்டது. தேனுக்கு இன்னும் 1.6 கழிக்க வேண்டும். பிரிக்ஸ் 78.4 காட்டினால் தண்ணீர் 21.6 இல்லை, 20.

அடுத்தது, உறைந்த தேனைக் கண்ணாடியில் வைப்பது. மணி இருந்தால் கோடு மங்கிப் பரவும், எண்ணும் பொய். 45 டிகிரி நீரில் முழுக்கத் தெளியவைத்து, ஆறிய பிறகு ஒரு துளி வையுங்கள். மூடியை அழுத்திக் குமிழி வெளியேறியதும் ஒரு நிமிடம் பொறுங்கள். வெப்பத் திருத்தம் இல்லாத கருவி என்றால் 20 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.09 கழிக்க வேண்டும். 32 டிகிரி அறையில் 21.1 காட்டினால் உண்மை 20.

தேன் ரிஃப்ராக்டோமீட்டரைத் தண்ணீர் வைத்துச் சரிபார்க்க முடியாது, அதன் அளவுகோல் தண்ணீர் வரை இறங்காது. கூடவே தரும் கண்ணாடித் துண்டு தொலைந்துவிட்டால் நல்ல ஆலிவ் எண்ணெய் ஒரு துளி வையுங்கள், 71 முதல் 72 பிரிக்ஸ் காட்ட வேண்டும்.

பொள்ளாச்சி வாசகி:
அப்படியென்றால் தண்ணீர், தீக்குச்சி, எறும்பு, நாய் சோதனை எல்லாம்?

ஆய்வக மேசை:
நான்கும் வேண்டாம். தண்ணீரில் அடியில் தங்குவது அடர்த்தியைக் காட்டும், கெட்டிச் சர்க்கரைப்பாகும் தங்கும். தீக்குச்சி எரிவது மருந்தில் ஈரம் ஏறவில்லை என்பதை மட்டும் காட்டும். எறும்பு தேனுக்கும் வரும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்தபோது எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றுதான். கலப்படம் ஆய்வகச் சோதனைக்கே தப்பும்படி செய்யப்படுகிறது, தீக்குச்சியிடமா மாட்டும்? கரும்பு, மக்காச்சோளப் பாகைக் கார்பன் ஐசோடோப்புச் சோதனை பிடிக்கும். அரிசிப்பாகு அதில் தப்பும், அதற்கு என்.எம்.ஆர். (அணுக்காந்த ஒத்ததிர்வு) போன்ற சோதனைகள் வேண்டும்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை வேறு: எந்த ஈ, எந்த ஊர், எந்த மாதம் எடுத்தது, காய்ச்சியதா. பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். விலையை எடையில் பேசுங்கள். ஒரு கிலோ நல்ல தேன் 700 மில்லிதான் வரும். ஒரு லிட்டர் 1.4 கிலோ. லிட்டர் கணக்கில் விற்றால் நீர்த்த தேனை விற்பவருக்குத்தான் லாபம்.

நாட்டுமருந்து:
ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கும்போது நாக்கில் தேன் தடவுகிறார்கள். ஒரு வயது முடியும் வரை எந்தத் தேனும், ஒரு சொட்டுகூட, கூடாது. பாட்டுலிசம் கிருமியின் வித்து தேனில் இருக்கலாம், சிசுவின் குடலில் அது முளைத்து விஷம் சுரக்கும். காய்ச்சிய தேனும் விதிவிலக்கு இல்லை, 60 டிகிரிக்கு அந்த வித்து சாகாது. அதேபோல, சர்க்கரை நோயாளிக்கு 'மலைத்தேன் பரவாயில்லை' என்பதும் வேண்டாம். எந்தப் பூவானாலும் முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரைதான்.

பொள்ளாச்சி வாசகி:
நன்றி ஐயா. கடைசியாக ஒன்று. இந்த ரப்பர் தேன் பாட்டிலை இப்போது என்ன செய்வது?

குமரி அடை:
முதலில் முகர்ந்து பாருங்கள் அக்கா. சாராய வாடை அடித்தால் சாப்பிட வேண்டாம். வெறும் காற்று மட்டும்தான் என்றால் காப்பாற்றலாம். கண்ணாடிப் பாட்டில்தானே? மூடியைத் தளர்த்தி, கைபொறுக்கும் சூட்டு நீரில், 45 டிகிரி, தேன் மட்டம் வரை இறக்கி வையுங்கள். நீர் ஆறஆற மாற்றுங்கள். ஒரு கிலோவுக்குப் பல மணி நேரம் ஆகும், அவசரப்பட்டு அடுப்பில் ஏற்றாதீர்கள், மைக்ரோவேவும் வேண்டாம். அரைகுறையாக எடுத்தால் மிச்ச மணியே விதையாகி அடுத்த மாதம் மறுபடி உறையும். முழுக்கத் தெளிந்ததும் ஈரமில்லாத கரண்டியால் மேல்பாகும் அடிப்பாகும் ஒன்றாகும்படி கலக்குங்கள். அப்படிச் செய்தால்தான் மேலே தேங்கிய 22% கீழே இறங்கிப் பழைய 20 ஆகும். பிறகு அதைச் சின்னப் புட்டிகளில் விளிம்பு வரை ஊற்றி மூடி, முதலில் தீர்க்க வேண்டிய தேனாக வையுங்கள். கறுத்த மலைத்தேன் காத்திருக்கும், இது காத்திருக்காது.